சேலத்து மாடி வீட்டுக்கு எது சரி: பக் நாயா, டாஷண்டா?

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாபேட்டையில் வாடகைக்கு மாடி வீடு. கீழே வீட்டு ஓனர் குடும்பம். வெளிப்பக்கம் பதினாறு படி ஏறினால் வாசலில் ஒரு சின்ன வராந்தா, அப்புறம் வீடு. தலைக்கு மேல் மொட்டை மாடி. நீங்களும் கணவரும் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். பகல் முழுக்க மாமியார் மட்டும் வீட்டில் இருப்பார், அவருக்கு முட்டி வலி. மகளுக்கு 7 வயது. ஏசி படுக்கையறையில் மட்டும், அதுவும் இரவுக்குத்தான். கணவருக்குச் சப்பை மூக்குள்ள பக் நாய் வேண்டும், மகளுக்கு நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள டாஷண்ட் வேண்டும். கோடை லீவில் ஏற்காட்டில் இருக்கும் உங்கள் அண்ணன் வீட்டுக்கு நாயையும் கூட்டிப்போக ஆசை. இரண்டில் எதை வாங்குவது?

என் பதில் டாஷண்ட். ஆனால் படிக்கட்டைப் பற்றி நான் கீழே சொல்வதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மட்டும்தான். அது முடியாது என்றால் இரண்டுமே வேண்டாம்.

காரணம் இதுதான். பக்குக்கு மூச்சு பலவீனம், டாஷண்டுக்கு முதுகு பலவீனம். உங்கள் வீட்டில் ஒன்றுக்கு வெயில் பகை, இன்னொன்றுக்குப் படி பகை. படிக்கு ஒரு கேட் போட்டு அடைத்துவிடலாம். சித்திரை வெயிலை எந்தக் கேட் போட்டு அடைப்பது?

வெளியூர் போகிறவர்களின் நாய்களைக் கன்னங்குறிச்சிப் பக்கம் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்த இரண்டு ஜாதியும் வருஷம் முழுக்க என்னிடம் வந்துபோகும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் கணவர் பக் கேட்பதில் தப்பே இல்லை. 2003-இல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய அந்தக் குட்டியைப் பார்த்து ஆசைப்படாத வீடு அன்று குறைவு. இன்றும் நம் ஊரில் பாதிப் பேர் அதை ‘ஹட்ச் நாய்’ என்றுதான் சொல்கிறார்கள். குணமும் தங்கம். குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பெரும்பாலும் பொறுத்துப்போகும். எடுத்ததற்கெல்லாம் குரைக்காது. உங்கள் மாமியார் டிவி பார்த்தால் காலடியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். குணத்தை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் என் ஓட்டு பக்குக்குத்தான்.

அந்த உடம்புதான் பிரச்சினை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு வேகமாக இரைத்து, வாயிலும் மூக்கின் உள்ளேயும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்கும். நீள மூக்கு நாய்க்கு அதற்கு இடம் நிறைய இருக்கிறது. பக்கில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து முகத்து எலும்பைக் குட்டையாக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறையவில்லை. மூக்குத் துளை பல குட்டிகளுக்கு வெறும் கீறலாக இருக்கும். மேலண்ணத்தின் பின்பக்கச் சதை நீண்டு மூச்சுக்குழாயின் வாயை மறைக்கும். வெயிலில் வேகவேகமாக மூச்சை இழுக்க இழுக்க அந்தச் சதை வீங்கும். வீங்க வீங்கக் காற்று குறையும். காற்று குறையக் குறையச் சூடு ஏறும். நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உயிர் போகும் ஆபத்து. நன்றாக இருந்த நாய் ஒரே மத்தியானத்தில் அந்த நிலைக்குப் போய்விடும்.

ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்கு என் இடத்தில் ஒரு பக் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே, தண்ணீர் தெளித்த தரையில், நான்கு காலையும் விரித்து வயிறு பதியப் படுத்திருக்கும். ஆனால் தலையைக் கீழே சாய்க்காது. தாடையைத் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தூக்கி வைத்துக்கொள்ளும். கழுத்து நிமிர்ந்திருந்தால்தான் கொஞ்சமாவது காற்று போகும் என்று அதற்குத் தெரியும். தூங்க ஆரம்பிக்கும், மூச்சு தடைபடும், திடுக்கிட்டு விழிக்கும், மறுபடி தாடையைத் தூக்கி வைக்கும். சாயங்காலம் வரை இதேதான். அதன் குறட்டையைச் செல்லமாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. குறட்டை என்பது அதற்கு மூச்சு முட்டுகிற சத்தம். நெதர்லாந்தில் முகம் அளவுக்கு மேல் குட்டையான நாய்களைக் குட்டி போட வைக்கக் கூடாது என்று 2019-இல் கடுமையான விதியே கொண்டுவந்தார்கள். பல விமான நிறுவனங்கள் இந்த மாதிரிச் சப்பை மூக்கு நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

இனி உங்கள் வீட்டைப் பாருங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை. சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை. மார்ச் கடைசியில் தொடங்கினால் 38, 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. உங்களுடையது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு. பகலெல்லாம் கான்கிரீட் குடித்த சூடு ராத்திரி பத்து மணி வரை கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பகல் முழுக்க ஏசி போடுகிறோம் என்று உங்கள் கணவர் சொல்லலாம். கரண்ட் பில்லைக்கூட விடுங்கள், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் மத்தியானம் தாண்டித்தான் வரும். அந்த நாளில் வீட்டில் முட்டி வலியோடு மாமியார் மட்டும்தான். நாய் தள்ளாடுகிறது, நாக்கு கருஞ்சிவப்பாகிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, விசிறியபடியே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓட வேண்டும். அந்தப் பொறுப்பை அவர் தலையில் வைப்பது நியாயமா?

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும். அதில் பக் நாய்கள் கொழுகொழுவென்று உற்சாகமாகத் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கியதும் குட்டி தேடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் அங்கே காற்று வேறு. அங்கே துள்ளும் நாய்க்குச் செவ்வாய்பேட்டைச் சந்தில் மூச்சு வாங்கும். நீங்கள் வருஷம் முழுக்க ஏற்காட்டிலேயே குடியிருந்தால் நானே பக் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன், துளை நன்றாகத் திறந்த மூக்குள்ள குட்டியாகப் பார்த்து.

பக்கின் மற்ற வேலைகளும் குறைவில்லை. முகத்து மடிப்பைத் தினமும் துடைத்து ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் புண்ணாகி நாறும். கண் வெளியே துருத்தியிருப்பதால் விளையாடும்போது நகம் பட்டாலே புண் வரும். முடி வேறு கொட்டும், அதன் குட்டை முடியைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சரி, டாஷண்டுக்கு வருவோம். இது பக் மாதிரிச் சாதுவான நாய் என்று நினைத்து வாங்கினால் முதல் மாதமே மனம் விட்டுப்போகும். ஜெர்மனியில் தரைக்கடியில் வளை தோண்டி வாழும் பிராணிகளைத் துரத்திப் பிடிக்க வளர்த்த வேட்டை நாய் இது. குட்டைக் கால், நீள உடம்பு, ஆழமான நெஞ்சு எல்லாம் வளைக்குள் நுழைவதற்காக வந்தவை. வளைக்குள் போன நாய் எஜமான் சொல்லைக் கேட்க முடியாது, தானே முடிவெடுக்க வேண்டும். அந்தப் பிடிவாதம் இன்றும் ரத்தத்தில் இருக்கிறது. பூந்தொட்டி மண்ணைத் தோண்டும். பல்லியைக் கண்டால் ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்கும். குரல் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிதாக இருக்கும். கேஸ்காரர் வந்தாலும் குரைக்கும், பக்கத்துத் தறி நின்றாலும் குரைக்கும். ஒன்றுக்கு எங்கே போக வேண்டும் என்று பழகவும் மற்ற நாய்களைவிட நாளாகும்.

இத்தனையும் பழக்கத்தால் சமாளிக்கக் கூடியவை. முதுகு அப்படியல்ல.

நீள உடம்புக்கும் குட்டைக் காலுக்கும் காரணமான அதே மரபணுக் கோளாறு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ‘டிஸ்க்’ என்ற வட்டையும் பாதிக்கிறது. மெத்தென்று இருக்க வேண்டிய வட்டு இளம் வயதிலேயே காய்ந்து கெட்டியாகிவிடும். ஒருநாள் அது வெடித்துப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால் விழுந்துவிடும். டாஷண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லை வரும். 3 முதல் 7 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது.

ஒரு டாஷண்ட் படி இறங்குவதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னங்கால் இரண்டும் கீழ்ப்படியில் போய் ஊன்றும். பின்னங்கால் இன்னும் மேல்படியில் இருக்கும். நடு முதுகு அந்தரத்தில் வளைந்து நிற்கும். அப்புறம் பின்பக்கம் முழுவதும் ஒரே குதியாகத் தொப்பென்று விழும். அடுத்த படியில் மறுபடி அதே குதி. உங்கள் வீட்டில் ஒருமுறை இறங்கினால் பதினாறு குதி.

அதனால் இதுதான் என் நிபந்தனை. படியின் மேல்முனையில் இடுப்பளவுக்கு ஒரு கேட், எப்போதும் பூட்டியே. நாய் தன் காலால் படியே இறங்கக் கூடாது, ஏறவும் கூடாது. நீங்களோ கணவரோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பிட்டத்துக்கடியில், முதுகு தரைக்கு மட்டமாக இருக்க வேண்டும். முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினால் பின்னுடம்பின் பாரம் முழுக்க முதுகில் தொங்கும். மகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம், தூக்கக் கூடாது. மாமியாரும் தூக்க வேண்டாம், முட்டி வலியோடு நாயையும் சுமந்து படி இறங்கினால் இருவருக்கும் ஆபத்து. பகலில் ஒன்றுக்குப் போக வராந்தா மூலையில் மண் நிரப்பிய அகலமான பிளாஸ்டிக் தட்டு வைத்துக் குட்டியிலிருந்தே பழக்குங்கள். காலையும் மாலையும் நீங்கள் கீழே தூக்கிப்போய் நடக்க விட்டால் போதும். சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்க விடக் கூடாது. உங்கள் வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டால் இன்னும் நல்லது. கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

தினமும் தூக்க வேண்டியிருப்பதால் சின்ன ரகம் பாருங்கள். மினியேச்சர் டாஷண்ட் வளர்ந்த பிறகும் 5 கிலோ அளவில் நிற்கும். பெரிய ரகம் 8, 10 கிலோவைத் தாண்டிப் போகும். நம் பக்கம் எந்தக் குட்டியையும் ‘மினி’ என்று சொல்லி விற்கிறார்கள், தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். சின்ன ரகத்துக்கும் முதுகுத் தொல்லை வரும், அதில் சலுகை இல்லை.

முதுகைக் காப்பாற்றுவதில் படிக்கு அடுத்தது எடைதான். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் பாசத்தில் தயிர்சாதம், பிஸ்கட், முறுக்கு என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் வாயால் சொல்லவைப்பது நல்லது. நம் ஊருக்கென்றே இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று தட்டுவடை செட். அதில் வெங்காயம் இருக்கிறது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். சாயங்காலம் மகள் கையிலிருந்து ஒரு துண்டுகூடப் போகக் கூடாது. இன்னொன்று மாங்கொட்டை. சீசனில் குண்டுவும் மல்கோவாவும் கூடையோடு வீட்டுக்கு வரும். சின்ன நாய் கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம் என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

முதுகுத் தொல்லையின் முதல் அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கும்போது கத்தும், முதுகைக் கூனி நிற்கும், கழுத்தைத் திருப்பாது, வழக்கமாகத் தாவும் இடத்தில் தயங்கும், பின்னங்கால் பின்னும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பதோ, நமக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதி கொடுப்பதோ கூடவே கூடாது. பாராசிட்டமாலும் புரூஃபனும் நாய்க்கு நஞ்சாகலாம். ஒரு சின்ன கூண்டில் அசையாமல் வைத்து அன்றே டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பல நாய்கள் மருந்திலும் நான்கு வாரத்துக்குக் குறையாத கூண்டு ஓய்விலும் எழுந்துவிடும். கால் முழுக்க விழுந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். முதுகு ஆபரேஷன் வரை போனால் சென்னை வேப்பேரி கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அந்தச் செலவுக்கென்று மாதம் கொஞ்சம் தனியாக எடுத்துவைக்கச் சொல்வேன்.

டாஷண்டுக்கு மட்டும் வெயில் ஒன்றும் செய்யாது என்று அர்த்தம் இல்லை. மூக்கு நீளம் என்பதால் பக்கைவிட எவ்வளவோ தாங்கும், அவ்வளவுதான். வயிறு தரைக்கு அருகில் இருப்பதால் தார் ரோட்டுச் சூடு நேராக அடிக்கும். கோடையில் காலை ஏழுக்கு முன், மாலை ஏழுக்குப் பின் நடைக்குப் போங்கள். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்தாறு நொடி தாங்க முடியவில்லை என்றால் நாயை இறக்காதீர்கள்.

மகளைப் பற்றி. 7 வயதில் சொன்னால் புரியும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கக் கூடாது. டாஷண்ட் பக் மாதிரிப் பொறுத்துப்போகாது, பிடிக்கவில்லை என்றால் உறுமும், உறுமலை மதிக்காவிட்டால் கடிக்கும். உறுமினால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்லும் தேதியில் மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். பல் லேசாகப் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இதில் யார் பேச்சையும் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்காடு போவதைத் தாராளமாகச் செய்யலாம். 20 கொண்டை ஊசி வளைவு என்பதால் குட்டிக்கு வாந்தி வரும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் கிளம்புங்கள், அடிவாரத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை நிறுத்துங்கள். அங்கே காபித் தோட்டத்தில் மட்டும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். டாஷண்டின் மூக்கு ஒவ்வொரு பொந்துக்குள்ளும் போகும், அந்தப் பொந்தில் பாம்பு இருக்கலாம். காட்டெருமையும் அந்தப் பக்கம் சர்வ சாதாரணமாக வரும், குரைத்துக்கொண்டு அதன் முன்னால் ஓடினால் அவ்வளவுதான். கோடை மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், மூக்குத் துளைக்குள்ளும் போகும். திரும்பியதும் காது, விரலிடுக்கு, அக்குள் எல்லாம் உண்ணி பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் சின்ன நாயைச் சீக்கிரம் சாய்த்துவிடும்.

குட்டி வாங்கும்போது 8 வாரம் ஆகாததை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2017-இன் நாய் வளர்ப்பு விதிகளின்படி அதற்கு முன் விற்கவே கூடாது. தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் பேச்சே வேண்டாம். பெற்றோரில் எதற்காவது முதுகுத் தொல்லை வந்ததா என்று நேராகக் கேளுங்கள். உடம்பில் வெள்ளை அதிகமாக, நீலக் கண்ணோடு, ‘அபூர்வ கலர்’ என்று கூடுதல் விலை சொல்லும் குட்டியைத் தொடவே தொடாதீர்கள். புள்ளிக் கலர் நாய் இரண்டை இணைத்தால் பிறக்கும் அந்த மாதிரிக் குட்டிகளுக்குக் கண் தெரியாமலோ காது கேட்காமலோ போகும் வாய்ப்பு அதிகம். சாதாரணப் பழுப்போ கறுப்போ போதும். குட்டியை எடுக்கும் முன் தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்குங்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தமாகப் பேதியாகி, குட்டி மூன்று நாளில் போய்விடும்.

தீபாவளிக்கு முன் எடுக்காதீர்கள், புது வீட்டில் முதல் வாரமே வெடிச்சத்தம் என்றால் அந்தப் பயம் ஆயுசுக்கும் போகாது. வெடி எல்லாம் ஓய்ந்த பிறகு எடுத்தால் பங்குனி வெயில் வருவதற்குள் ஊசிகள் முடிந்து, வராந்தாத் தட்டும் பழகியிருக்கும். யாராவது ஒருவர் ஒரு வாரம் லீவு போடுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கீழ் வீட்டு ஓனரிடம் பேசிவிடுங்கள். படிக்குக் கேட் போட அவர் சம்மதிக்க வேண்டும், குரைப்பும் அவர் காதில்தான் முதலில் விழும். பாதி வளர்ந்த நாயை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று என்னிடம் கொண்டுவந்து விட்டுப்போக வருகிறவர்கள் உண்டு. அவர் முடியாது என்றால் கேட் வைத்த தரைத்தள வீடு கிடைக்கும் வரை பொறுங்கள். மகளிடமும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.